புண்ணைச் சுற்றிய வீக்கத்தை மாத்திரையால் அடக்கலாமா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி தன் கணவருக்காக எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கணவருக்கு 52 வயது, மளிகைக் கடை வைத்திருக்கிறார். 8 வருடமாகச் சர்க்கரை நோய். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) கடைசியாகப் பார்த்தபோது 9.1 இருந்தது. சரக்கு எடுத்துக்கொண்டு வரும்போது ஸ்கூட்டர் மணலில் சறுக்கி விழுந்ததில், வலது முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குத் தோல் உரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் செலவாகும் என்று மருந்துக்கடையிலேயே நுரைக்கும் மருந்தை ஊற்றிக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மறுநாள் கால் சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது. அதே கடையில் மூன்று மாத்திரைகள் கொடுத்தார்கள்: செஃபிக்ஸிம், வீக்கத்துக்கு அசிக்ளோஃபினாக், ஒரு சிறிய வெள்ளை மாத்திரை. அட்டையில் டெக்ஸாமெத்தசோன் என்று போட்டிருக்கிறது. ஒரே நாளில் வீக்கம் வடிந்தது. 5 நாள் கழித்து மாத்திரை தீர்ந்ததும் மறுபடியும் சிவப்பும் வீக்கமும் வந்துவிட்டன. புண்மேல் மஞ்சளாக ஒரு படலம் இருக்கிறது. ஆனால் அவருக்கு வலியே இல்லை.

மாமியார் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடுகிறார். முட்டை, மீன், கத்தரிக்காய் எல்லாம் கூடாது என்று ரசம் சோறுதான் கொடுக்கிறார். "இந்த வீக்கத்தை ஒரேயடியாக நிறுத்த எந்த மாத்திரை வாங்கலாம்? புண் செப்டிக் ஆகிவிட்டதா? போன வருஷம்தான் டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டார், மறுபடியும் போட வேண்டுமா? கடைக்குப் போய் நிற்கலாமா?" என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, விளக்கங்களுக்கு முன்னால் ஒன்று. இதைப் படித்த அன்றே அவரை ஒரு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தால் அதுவே போதும், முதல் பார்வை அங்கே கிடைத்துவிடும். வடிந்த வீக்கம் திரும்பி வருவது, சர்க்கரை, வலி தெரியாத கால் ஆகிய மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கின்றன. கடிதத்தை வைத்து இது வெறும் அழற்சியா (அடிபட்ட இடம் சிவந்து வீங்குவது), கிருமி பரவலா என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. காலைத் தொட்டுப் பார்க்கும் ஒருவர்தான் சொல்ல முடியும். செலவை நினைத்துத் தயங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். சாலையில் விழுந்து அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இலவசம். 2021 இறுதியில் வந்த திட்டம், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. உங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. பரவாயில்லை, அரசு மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போடக் காசு கேட்க மாட்டார்கள்.

வீக்கம் எதற்காக வருகிறது

உங்கள் கடிதம் முழுக்க வீக்கத்தை ஒரு நோயாகவே பார்க்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஆகிய நான்கையும் 2000 வருடங்களுக்கு முன்பே ரோமானியரான செல்சஸ் எழுதி வைத்திருக்கிறார். அடிபட்ட பாகத்தை அசைக்க முடியாமல் போவதைப் பின்னால் வந்தவர்கள் ஐந்தாவதாகச் சேர்த்தார்கள். இந்த ஐந்தும் காயம் ஆறுவதற்கான வேலை தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம்.

உங்கள் கணவர் விழுந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். அறுந்த நுண்ணிய ரத்தக் குழாய்கள் முதலில் சுருங்கின. தட்டணுக்கள் வந்து ஒட்டிக்கொண்டன, ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலையாகப் பின்னி ரத்தத்தை நிறுத்தின. அது முடிந்த கையோடு உடம்பு நேர்மாறான வேலையைச் செய்கிறது. சுற்றியுள்ள குழாய்கள் விரிகின்றன. தோலுக்கடியில் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியே விடுகின்றன, குழாய்ச் சுவரில் செல்லுக்குச் செல் இடைவெளி விடுகிறது. ரத்தம் அதிகமாக வருவதால் சிவப்பும் சூடும், அந்த இடைவெளி வழியே நீரும் புரதமும் கசிவதால் வீக்கம். புரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருட்கள் நரம்பு முனைகளை உசுப்புவதால் வலி.

அந்தக் கசிவோடுதான் வெள்ளை அணுக்களும் வெளியே வருகின்றன. முதலில் வருபவை நியூட்ரோஃபில்கள். சில மணி நேரத்தில் வரத் தொடங்கி, ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், கிருமிகளை விழுங்கிவிட்டு அங்கேயே மடிகின்றன. இரண்டு மூன்று நாளில் மேக்ரோஃபேஜ்கள் வந்து செத்த செல்களையும் மண் துகளையும் தின்று தீர்க்கின்றன. மெட்ச்னிகாஃப் என்ற விஞ்ஞானி 1882-இல் இத்தாலியின் மெஸினாவில், கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ஒரு முள்ளைக் குத்திவைத்து, மறுநாள் காலை செல்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து நின்றதைப் பார்த்தார். அந்த வழியில் செய்த ஆராய்ச்சிக்காக 1908-இல் நோபல் பரிசும் வந்தது. உங்கள் கணவரின் காலில் முதல் மூன்று நாள் நடந்ததும், நடக்க வேண்டியதும், இதுதான்.

மேக்ரோஃபேஜின் வேலை தின்பதோடு முடிவதில்லை. குப்பை குறைந்ததும் அதுவே குணம் மாறி, "இனி கட்டலாம்" என்று மற்ற செல்களுக்குச் சமிக்ஞை கொடுக்கிறது. அதற்கப்புறம்தான் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் உள்ளே வந்து கொலாஜன் என்ற புரத நாரை நூற்கின்றன, புது ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. கட்டுப் பிரிக்கும்போது புண்ணின் அடியில் ஈரமாக, நல்ல சிவப்பாக, சின்னச் சின்ன மணிகளாகத் தெரிந்தால், லேசாகத் துடைத்தாலே ரத்தம் கசிந்தால், பயப்படாதீர்கள். அது புதிதாக வளரும் சதை, நாங்கள் பார்க்க ஆசைப்படுவது அதைத்தான். அதன்மேல் ஓரத்திலிருந்து தோல் செல்கள் நடுவை நோக்கி நகர்ந்து வரும். நீங்கள் சொல்லும் மஞ்சள் படலம் சீழாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஃபைப்ரினும் செத்த செல்களும் சேர்ந்து படிந்தாலும் அப்படித்தான் இருக்கும். சீழ் என்றால் கெட்டியாக, கலங்கலாக வழியும், பெரும்பாலும் நாற்றம் இருக்கும்.

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை

டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. உயிர் காக்கும் மருந்துதான், அதற்கென்று இடங்கள் உண்டு. சிராய்ப்புக்கு அது வேலையே இல்லை. ஒரே நாளில் வீக்கம் வடிந்ததால் மருந்து நன்றாக வேலை செய்தது என்று நம்புகிறீர்கள். திருவிழா முடிந்த தெருவுக்குத் துப்புரவுப் பணியாளர்களை வர வேண்டாம் என்று சொன்னால் தெருவில் ஆள் நடமாட்டம் குறையும், குப்பை அப்படியே கிடக்கும். இங்கேயும் அதுதான். வெள்ளை அணுக்கள் குழாயை விட்டு வெளியே வருவதை ஸ்டீராய்டு தடுக்கிறது, கொலாஜன் உற்பத்தியையும் குறைக்கிறது. மாத்திரை நின்றதும் விட்ட இடத்திலிருந்து அழற்சி திரும்பியிருக்கலாம். அந்த 5 நாளில் தடையில்லாமல் கிருமி வளர்ந்திருக்கவும் இடமுண்டு. இதனால்தான் நேரில் காட்டச் சொல்கிறேன்.

இன்னொன்று, ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். 9.1 என்றால் ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக 210-க்கு மேல். அந்த அளவில் நியூட்ரோஃபில்கள் மந்தமாகத்தான் நகரும், விழுங்கும் திறனும் குறையும். அதன்மேல் ஸ்டீராய்டையும் போட்டால் இரண்டு பக்கமும் அடி. இன்றே வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை பாருங்கள். அதிகமாக இருந்தால் புண் ஆறும்வரை சில வாரம் இன்சுலின் போடச் சொல்லலாம். "ஊசி ஆரம்பித்தால் ஆயுசுக்கும் ஊசிதான்" என்று பயந்து மறுக்க வேண்டாம். புண் ஆறியபின் பலர் மாத்திரைக்கே திரும்பிவிடுகிறார்கள்.

செஃபிக்ஸிம் பற்றியும் சொல்ல வேண்டும். தோல் புண்ணில் அதிகம் தொல்லை கொடுப்பது ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி. அதை எதிர்க்க செஃபிக்ஸிமுக்குப் பலம் போதாது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டோம் என்ற தைரியம் மட்டும்தான் உங்களுக்குக் கிடைத்தது. கிருமி தொற்றாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக்கே தேவையில்லை. தொற்றியிருந்தால் சரியான மருந்தை, சரியான அளவில் கொடுக்க வேண்டும். செஃபிக்ஸிம் 2014 முதல் எச்1 பட்டியலில் இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, யாருக்குக் கொடுத்தோம் என்று கடையில் தனிப் பதிவேடு வைக்க வேண்டும், சட்டம் அப்படி. கடைக்காரரோடு சண்டை போடச் சொல்லவில்லை. அடுத்த முறை அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மாத்திரையைச் சீட்டு இல்லாமல் நீட்டினால், "வேண்டாம், டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறோம்" என்று சொல்லுங்கள்.

அசிக்ளோஃபினாக் 5 நாள் சாப்பிட்டதால் பெரிய கெடுதல் வந்திருக்காது. ஆனால் 8 வருடச் சர்க்கரைக்காரரின் சிறுநீரகத்தை இந்த வகை வலி மாத்திரைகள் சோதிக்கும், வயிற்றையும் அரிக்கும். தொடர வேண்டாம். வலி இருந்தால் பாராசிட்டமால் போதும். ஆக, நீங்கள் கேட்ட "ஒரேயடியாக நிறுத்தும்" மாத்திரையை நான் எழுதப் போவதில்லை.

வலி இல்லையே என்பது நல்ல செய்தி அல்ல

கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த வரி இது. அந்த இடத்தில் தோலுக்கடியிலேயே எலும்பு. உள்ளங்கை அளவு உரிந்தால் துணி பட்டாலே துடிக்க வேண்டும். வலிக்கவில்லை என்றால் நாள்பட்ட சர்க்கரையால் கால் நரம்புகள் மரத்துப் போயிருக்கலாம். மருத்துவரிடம் மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் தொட்டு உணர்ச்சி பார்க்கச் சொல்லுங்கள், பாதத்தில் நாடித் துடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த ஓட்டம் குறைந்த காலில் மேலே சொன்ன வேலைக்காரச் செல்கள் வந்து சேரவே வழியிருக்காது. பீடி, சிகரெட் பழக்கம் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், நிகோட்டின் தோலுக்குப் போகும் குழாய்களைச் சுருக்கிவிடும். புண் ஆறினாலும் தினமும் ராத்திரி அவருடைய உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் நீங்கள் பாருங்கள். மரத்த காலில் ஆணி குத்தினாலும் அவருக்குத் தெரியாது.

நுரை, மஞ்சள், காற்று

அந்த நுரைக்கும் மருந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடு. ரத்தத்திலும் செல்களிலும் இருக்கும் ஒரு நொதி அதை உடைக்கும்போது ஆக்ஸிஜன் பொங்கி வருகிறது, அவ்வளவுதான். கிருமி சாகிறது என்பதற்கு நுரை சாட்சி இல்லை. வளரும் புதுச் செல்களையும் அது பொசுக்கும். ஸ்பிரிட்டும் அப்படித்தான். ஓடும் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவினாலே போதும், குடிக்கத் தகுந்த தண்ணீராக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் காய்ச்சி ஆறவைத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் மேல் கோபப்படாதீர்கள், மஞ்சளைப் பற்றிய அவருடைய நம்பிக்கை வெறும் கற்பனை இல்லை. புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள். இது எங்கள் நாட்டில் காலம் காலமாகத் தெரிந்த விஷயம் என்று நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் வாதாடி, 1997-இல் அதை ரத்து செய்யவைத்தது. மஞ்சளில் உள்ள குர்குமினுக்கு அழற்சியைக் குறைக்கும் குணம் இருப்பதும் ஆய்வகங்களில் பார்த்ததுதான். ஆனால் கடையில் வாங்கிய தூளிலும் வாசலில் பறித்த வேப்பிலையிலும் கிருமியும் தூசியும் இருக்கும், திறந்த புண்ணில் அதை அப்புவது ஆபத்து. அதைவிட முக்கியம், மஞ்சள் பூசிய காலில் சிவப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. மருத்துவரிடம் போகும் முன் கழுவிவிடுங்கள். அத்தைக்கு மஞ்சள் போட ஆசையாக இருந்தால் குழம்பில் போடட்டும்.

"காற்றுப் பட்டால் காய்ந்து ஆறும்" என்று ராத்திரியில் திறந்து வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் ஏற்படுத்தி, சிலவற்றை மூடி ஈரமாக வைத்தார், சிலவற்றைக் காயவிட்டார். ஈரமாக இருந்தவற்றில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. காரணம் எளிது: ஓரத்திலிருந்து நகரும் தோல் செல்களுக்கு ஈரப் பரப்பு வேண்டும். பொருக்கு காய்ந்து கிடந்தால் அதற்கு அடியில் குடைந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. அதனால் கழுவிவிட்டு, மருத்துவர் வேறு சொல்லாத பட்சத்தில், சாதாரண வாசலினை மெல்லியதாகத் தடவி, ஒட்டாத துணி வைத்து மூடுங்கள். பிரிக்கும்போது ஒட்டியிருந்தால் தண்ணீரில் நனைத்துவிட்டு எடுங்கள், பிய்த்தால் புதுத் தோலும் கூடவே வரும். பொருக்கை நகத்தால் நோண்ட விடாதீர்கள்.

முட்டை கொடுங்கள்

முட்டையால் சீழ் வராது, மீனாலும் வராது. ஒரு குறிப்பிட்ட உணவு அவருக்கு ஒவ்வாமை என்று முன்பே தெரிந்திருந்தால் மட்டும் விலக்குங்கள், மற்றபடி கத்தரிக்காய் உட்பட எதற்கும் தடை இல்லை. உள்ளே கொலாஜன் நூற்க வேண்டிய நேரத்தில் ரசம் சோறு மட்டும் கொடுத்தால் நூலுக்குப் பஞ்சு எங்கிருந்து வரும்? புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர், எது வீட்டில் முடிகிறதோ அது. சிறுநீரகப் பிரச்சினை இருப்பதாக மருத்துவர் சொன்னால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். சோற்றைக் குறைத்துப் பருப்பையும் முட்டையையும் கூட்டினால் சர்க்கரைக்கும் நல்லது.

வைட்டமின் சி இல்லாமல் கொலாஜன் இழைகள் முறுக்கேறி நிற்காது. 1740-இல் கிளம்பிய ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதியின் கப்பல்களில் ஸ்கர்வி நோய் பரவியபோது, 50 வருடத்துக்கு முன் போரில் பட்டு நன்றாக ஆறிப்போன காயங்கள் ஒரு மாலுமிக்கு மறுபடியும் திறந்துகொண்டன என்று அந்தப் பயணக் குறிப்பில் இருக்கிறது. ஆறிய தழும்பும் உள்ளே தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது, சத்து நின்றால் அவிழ்ந்துவிடுகிறது. உங்கள் கணவருக்கு அந்த அளவுக் குறை வராது. தினம் ஒரு நெல்லிக்காயோ ஒரு கொய்யாத் துண்டோ போதும், மாத்திரை வாங்க வேண்டாம்.

எப்போது ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது

இப்போதே ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்துச் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால் கிருமி பரவுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். குளிரோடு காய்ச்சல், தொடையை நோக்கிச் சிவப்புக் கோடு ஏறுவது, தொடை இடுக்கில் நெறி கட்டுவது, கெட்டிச் சீழ், துர்நாற்றம் இவையும் அப்படியே. தோல் கறுத்தால், கொப்புளம் கிளம்பினால், அழுத்தும்போது உள்ளே நறநறவென்றால், ஆள் குழம்பிப் பேசினால் நடு ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். அது தோலுக்கடியில் சதையை அழித்துக்கொண்டு போகும் தொற்றாக இருக்கலாம், மணிக்கணக்கில் நிலைமை மாறிவிடும்.

இவை எதுவும் இல்லாமல், ஆனால் 4 வாரம் ஆகியும் புண் சுருங்காமல் கிடந்தால், வீட்டு வைத்தியமும் கட்டு மாற்றுவதுமாக இழுக்காமல் அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். நரம்பா, ரத்தக் குழாயா, எலும்பில் தொற்றா என்று தேட வேண்டிய நேரம் அது.

டிடி ஊசி பற்றி: சின்ன வயதில் முழுத் தவணையும் போட்டவர் என்றால், மண் பட்ட காயத்துக்கே 5 வருடத்துக்குள் போட்ட ஊசி செல்லும். போன வருடம் போட்டிருப்பதால் இப்போது தேவையில்லை. விழும்போதெல்லாம் ஒரு ஊசி என்ற பழக்கம் வேண்டாம். சின்ன வயதில் போட்டாரா என்றே தெரியாவிட்டால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆறும்போது அரிக்கும். ஹிஸ்டமினும் புதிதாக முளைக்கும் நரம்பு நுனிகளும் சேர்ந்து செய்வது அது, சொறியாமல் மேலே லேசாகத் தட்டிக்கொடுக்கச் சொல்லுங்கள். மூடிய பிறகும் உள்ளே வேலை முடிவதில்லை. முதலில் அவசரமாகப் போட்ட கொலாஜனைப் பிரித்து, உறுதியான வகையால் மாற்றிக் கட்டும் வேலை ஒரு வருடம்வரை நடக்கும். ஆழமான காயம் என்றால் 3 வாரத்தில் பழைய தோலின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும், 3 மாதத்தில் ஐந்தில் நான்கு பங்கு வரும், முழுப் பலம் திரும்புவதில்லை. அதனால் அரிசி மூட்டை அந்த இடத்தில் இடிக்காமல் கொஞ்ச காலம் கவனமாக இருக்கட்டும்.

கடைக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். மருத்துவர் பார்த்துப் பரவும் தொற்று இல்லை என்று சொன்னால் போகலாம், ஆனால் கல்லாவில் நின்றுகொண்டே இருக்கக் கூடாது. அசையாமல் நின்றால் கசிந்த நீர் காலிலேயே தேங்கும். மணிக்கொரு தரம் நாலு எட்டு நடக்கட்டும், கெண்டைக்கால் தசை நீரை மேலே தள்ளும். மத்தியானம் கடையை ஒரு மணி நேரம் நீங்கள் பார்த்துக்கொண்டு, அவரை வீட்டில் படுக்கவைத்து, காலுக்கடியில் இரண்டு தலையணை வைத்து நெஞ்சைவிட உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த மூன்று மாத்திரை அட்டைகளையும் பழைய சர்க்கரைச் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டு சாப்பிட்டார் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லுங்கள்.